ஏழு கறுப்புக் கட்டங்கள்

டீயில் சர்க்கரை கொஞ்சம் அதிகம். பரவாயில்லை, குடித்துவிடுகிறேன். வந்து உட்கார்ந்ததிலிருந்து உங்கள் நாற்காலிக்குப் பின்னால் மாட்டியிருக்கிற ஸ்டேஷன் எல்லை வரைபடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அளவுகோல் போடவில்லை. அம்பத்தூர் ஏரிக்கு நீலம் அடித்தவர் கை நிற்காமல் ரயில் பாதை வரைக்கும் அடித்துவிட்டார். காற்றில் ஆடாமல் இருக்க நடுவில் ஓர் ஆணி வேறு அடித்திருக்கிறீர்கள், அது சரியாகத் திருமுல்லைவாயில் ஸ்டேஷன் மேல் இறங்கியிருக்கிறது. பல வருடமாக இதன் கீழே உட்கார்ந்து எத்தனையோ பேரை விசாரித்திருப்பீர்கள், ஒருவருக்கும் உறுத்தவில்லை. உங்களைக் குறை சொல்லவில்லை இன்ஸ்பெக்டர். இந்த ஊரில் வரைபடம் என்றால் சுவரில் பெயிண்ட் உரிந்த இடத்தை மறைக்கிற சாமான், அவ்வளவுதான்.

என் பெயர் சிவராமன். வயது எழுபத்தொன்று. திருமுல்லைவாயிலில் மூன்றாவது மாடியில் இரண்டு படுக்கையறை ஃப்ளாட். ஏட்டு முதலில் இதை எழுதிக்கொள்ளட்டும்: என்னை யாரும் பிடித்து வரவில்லை, நானாக வந்தேன். இலுப்பைத்தாங்கல் வழக்கில் கோர்ட்டில் தாக்கலான பழைய கிராம வரைபடம் என்னுடையது. நாற்பத்திரண்டு வீடுகள் நிற்பதா போவதா என்பது அந்த ஒரு தாளைப் பொறுத்திருந்தது. அதை ஆராய்ந்து ஒரு நிபுணர் அறிக்கை கொடுத்திருக்கிறார். அதில் ஒரு பிழை இருக்கிறது. அதைத் திருத்திக் கொடுக்கத்தான் வந்தேன்.

நில அளவை சம்பந்தப்பட்ட ஓர் அலுவலகத்தில், வரைவுப் பிரிவில், முப்பத்தாறு வருடம் வேலை பார்த்தவன் நான். கம்ப்யூட்டர் வருவதற்கு முந்தைய காலம். களப்பணிக்குப் போகிறவர்கள் வெயிலில் சங்கிலி இழுத்துவிட்டு, புத்தகத்தில் கோழி கிளறின மாதிரி எதையோ கிறுக்கிக்கொண்டு வருவார்கள். அந்தக் கிறுக்கலை ஊராக்கிக் கொடுப்பது நாங்கள். பேனாவில் மசி ஊற்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு முடி அகலத்துக்குக் கோடு இழுப்பேன். முப்பத்தாறு வருடத்தில் நான் ஒரு நாள்கூடக் களத்துக்குப் போனதில்லை. போக வேண்டிய அவசியமும் வந்ததில்லை. வயலில் நின்று பார்த்தால் வயல்தான் தெரியும்.

ஓய்வு பெற்ற பிறகு பழைய அச்சு வரைபடங்கள் சேர்க்க ஆரம்பித்தேன். ஆரம்பித்தேன் என்று சொல்வது சரியில்லை, முன்பே சேர்த்துக்கொண்டுதான் இருந்தேன், அப்போதுதான் அதற்கு ஓர் அறை கிடைத்தது. பெண் கல்யாணமாகிப் போன அறை. ஏ.சி. போட்டிருக்கிறேன், எனக்கில்லை, தாள்களுக்கு. நானும் என் மனைவி தாட்சாயிணியும் ஹாலில் படுத்தோம். மூன்று கோடைகாலம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவள் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். போன் பண்ணும்போதெல்லாம் "மேப்பெல்லாம் நல்லா இருக்கா?" என்று கேட்பாள். கிண்டல். நன்றாக இருக்கின்றன என்று பதில் சொல்வேன், உண்மையும் அதுதான்.

வரைபடம் சேர்க்கிறவர்கள் என்று இன்னும் சிலர் இந்தப் பக்கம் உண்டு. கள்ளிக்குப்பத்தில் கோகுல்நாத் என்று ஒருவன். ஐ.டி. வேலை, முதுகில் ஒரு பை, கையில் எப்போதும் போன். ஏலத்தில் எடுத்த ஒரு மதராஸ் வரைபடத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, மேலே மஞ்சள் விளக்கு வைத்து, சோபாவுக்குப் பின்னால் மாட்டியிருக்கிறான். அந்த விளக்கு சூட்டில் தாள் பத்து வருடத்தில் அப்பளம் ஆகிவிடும். சொன்னேன். "அதுக்குள்ள வேற வாங்கிக்கலாம் சார்" என்றான். அவனுக்குத் தெரிந்ததெல்லாம் வருடமும் ஓரத்துப் பூவேலையும்தான். நடுவில் ஓர் ஊர் இருப்பதை அவன் கவனித்ததில்லை.

எங்கள் குடியிருப்பில் இருக்கிறவர்களைக் கேட்கவே வேண்டாம். மதுரைக்காரர், சேலத்துக்காரர், நாகர்கோவில்காரர், எல்லோரும் எங்கிருந்தோ வந்து வங்கிக் கடனில் ஆளுக்கொரு கூண்டு வாங்கி, தாங்கள் எதன் மேல் நிற்கிறோம் என்று தெரியாமல் இருபது வருடம் வாழ்ந்துவிடுவார்கள். டிசம்பரில் பார்க்கிங்கில் தண்ணீர் ஏறும்போது மட்டும் என் ஞாபகம் வரும். "சார், நம்ம அபார்ட்மெண்ட் முன்னாடி ஏரியா இருந்துச்சா?" என்று கேட்டுக்கொண்டு மாடியேறி வருவார்கள். லிஃப்ட் இருக்கிற இடத்தில் மதகு இருந்தது என்று சொல்வேன். முகம் செத்துப்போகும். பொங்கலுக்குள் மறந்துவிடுவார்கள்.

நான் ஏன் இதையெல்லாம் மதிக்கிறேன் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் மற்றது புரியாது. இந்த நாட்டை முழுதாக அளக்கலாம் என்று 1802இல் கிளம்பியபோது, முதல் கோட்டைப் போட்டது நம் பரங்கிமலைக்குப் பக்கத்தில். ஏழரை மைல் நீளக் கோடு. எஃகுச் சங்கிலியை நிழலில் வைத்து, வெப்பமானி பார்த்து, வெயிலில் அது எவ்வளவு நீளும் என்று கணக்குப் போட்டுக் கழித்து அளந்தார்கள். அந்த ஒரு கோட்டிலிருந்து முக்கோணம் முக்கோணமாக இமயமலை வரைக்கும் போனார்கள். காட்டுக் காய்ச்சலில் ஆட்கள் செத்தார்கள். கோடு நிற்கவில்லை. அந்த மாதிரி ஒரு பிடிவாதத்தை நான் மனிதர்களிடம் பார்த்ததில்லை, தாளில்தான் பார்த்திருக்கிறேன்.

இலுப்பைத்தாங்கல் தாளுக்கு வருகிறேன். பூந்தமல்லியில் முகமது இஸ்மாயில் என்று ஒருவர் எடைக்குப் பேப்பர் எடுக்கும் கடை வைத்திருக்கிறார். பதினெட்டு வருடத்துக்கு முன்பு அவர் கடையில், பழைய பள்ளிக்கூட நோட்டுகளுக்கு அடியில், நாலாக மடித்துக் கிடந்தது. 1911இல் கல்லச்சில், கல்லின் மேல் வரைந்து தாளில் ஒற்றி, அடித்தது. மைலுக்குப் பதினாறு அங்குலம். ஏரி, உபரி நீர் வழிகிற கலங்கல், அதிலிருந்து வடக்கு தெற்காக ஓடுகிற ஒரு வாய்க்கால், வாய்க்காலுக்கு மேற்கே ஊர். கிழக்கே, ஏரி எல்லைக்கு நன்றாக வெளியே, வரிசையாக ஏழு கறுப்புக் கட்டங்கள். ஒவ்வொன்றும் கடுகளவு. அந்தக் காலத்துக் கூலிக்காரர்களின் குடிசைகள். வரிசைக்குத் தெற்கே ஒரு சின்ன வட்டம், கிணறு. இந்தத் தாளுக்கு வேறு பிரதி இல்லை. அலுவலகத்துப் பிரதி எப்போதோ மட்கிப் போனது. பின்னாளில் அடித்த பதிப்பில் அந்த ஏழு கட்டங்களைக் காணோம், ஏரி எல்லையும் வாய்க்காலைத் தாண்டி வந்துவிட்டது. யாரோ ஒருவர் விட்டுவிட்டார், அடுத்தவர் அதைப் பார்த்து வரைந்தார். அப்படித்தான் நடக்கும்.

போன ஜூலையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மூன்று பேர் வந்தார்கள். ஜெபா என்று ஒரு வக்கீல் பெண், முப்பது வயதிருக்கும். கோகுல்நாத் சொல்லி வந்தாளாம். அவளோடு இலுப்பைத்தாங்கலிலிருந்து நாகம்மா என்கிற அம்மாளும் அவர் தம்பி துலுக்காணமும். நாகம்மாவுக்கு அறுபத்துமூன்று வயது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் கூட்டித் துடைக்கிற வேலை, ஞாயிற்றுக்கிழமையும் கம்பெனி கொடுத்த நீலச் சேலையோடுதான் வந்திருந்தார். தம்பி லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். போன்களைச் செருப்பு ஸ்டாண்டில் வைத்துவிட்டு உள்ளே வரச் சொன்னேன். படம் எடுக்க நான் யாரையும் விடுவதில்லை. வைத்தார்கள்.

வக்கீல் விஷயத்தைச் சொன்னாள். அந்த ஏழு குடிசை இன்றைக்கு நாற்பத்திரண்டு வீடு. ஏரியை ஆக்கிரமித்துக் கட்டியது என்று நோட்டீஸ் ஒட்டியாகிவிட்டது.

"ஏரிப் புறம்போக்குன்னு முடிவாச்சுன்னா இடிச்சிடுவாங்க சார். ஏரி எல்லை அப்புறம்தான் நகர்ந்து வந்துச்சு, இவங்க அதுக்கு முன்னாடியே இருந்தாங்கன்னு காட்டணும். காட்டிட்டா நத்தம், அதாவது குடியிருப்பு நிலம்னு கேட்கலாம், பட்டாவே கேட்கலாம். இவங்க கையில ஒரு காகிதமும் இல்ல. உங்ககிட்ட இருக்கிறதுதான்."

தாளை எடுத்து மேஜையில் விரித்தேன். உண்மையைச் சொல்கிறேன், காட்டுவதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம் உண்டு. படித்தவர்களே தாள் முன்னால் நின்று திருதிருவென்று விழிப்பார்கள், நான் விரலை வைத்து வழி காட்டுவேன். அன்றைக்கும் அப்படித்தான் நினைத்தேன். வக்கீல் எதிர்பார்த்தபடியே விழித்தாள். நாகம்மா கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தார். பிறகு, என்னைக் கேட்காமல், தாளின் இரண்டு மூலையையும் பிடித்து, மேற்கு மேலே வரும்படி திருப்பி வைத்தார்.

"வடக்கு மேலே இருக்க வேண்டும்" என்றேன்.

"நான் எங்க ஊட்டு வாசல்ல குந்திகினா வாய்க்கா எதுக்க தான சார் கீது. அப்டி வச்சாத்தான எனக்குத் தெரியும்" என்றார். பிறகு விரலைத் தாளில் படாமல் மேலே பிடித்துக்கொண்டே போனார். "இது கலங்கலு. இது பெரிய மதவு. இது ஆல மரத்தாண்ட திரும்புற எடம். தோ, இது எங்க தாத்தா ஊடு. மொத ஊடு." ஏழு கட்டத்தில் வடக்குக் கடைசியைச் சொன்னார்.

அவருக்கு எழுத்துத் தெரியாது, இன்ஸ்பெக்டர். வக்காலத்தில் கைநாட்டு வைத்திருக்கிறார், நீங்களே பார்க்கலாம்.

அப்புறம் அந்த வட்டத்துக்கு மேலே விரல் நின்றது. "இன்னா சார் இது, கெணறா? தப்பா போட்டுகீறாங்களே. கெணறு எங்க ஊட்டாண்ட இல்ல கீது. இந்தாண்ட கோடில. அந்தாண்ட ஒண்ணுமே கெடையாதே."

அச்சிட்ட வரைபடத்தில் தப்பு இருக்காது என்றேன். நூறு வருடத்தில் கிணறு தூர்ந்திருக்கும், வேறு வெட்டியிருப்பீர்கள் என்றேன்.

"எங்க தாத்தா தண்ணி எற்ச்ச கெணறு சார் அது. கல்லுல கவுறு தேஞ்ச தடம் கீது." கொஞ்சம் யோசித்தார். பிறகு சாதாரணமாகச் சொன்னார். "அளக்க வந்தவங்க எங்க தெருவுக்குள்ள எங்க வந்துருக்கப் போறாங்க? அந்தக் காலத்துல வர மாட்டாங்க சார், தீட்டு. வாய்க்காலுக்கு அந்தாண்ட நின்னுகினு கேட்டுருப்பாங்க. எங்காளு சோத்தாங்கை பக்கம் கீதுன்னு கத்திருப்பான். அவுரு தன் சோத்தாங்கை பக்கம் எழுதிக்கினு பூட்டாரு. எதுக்க எதுக்க நின்னா மாறிப் பூடும்ல?"

வக்கீல் சிரித்துவிட்டாள். துலுக்காணம் வலது கையை உயர்த்தி, எதிரே நிற்கிற அவளுக்கு அது எந்தப் பக்கம் என்று காட்டினான். நான் அந்தத் தாளைப் பதினெட்டு வருடம் வைத்திருந்தேன். உருப்பெருக்கி வைத்து ஒவ்வொரு கோடாகப் பார்த்திருக்கிறேன். கூட்டித் துடைக்கிற ஒரு பெண்மணி ஐந்து நிமிடத்தில் அதை வாசித்தது மட்டுமில்லை, வரைந்தவன் எங்கே நின்றான் என்பது வரைக்கும் சொல்லிவிட்டார். எனக்குக் கோபம் வந்தது. மறைக்க ஒன்றுமில்லை, நல்ல கோபம்.

ஆனாலும் மறுக்கவில்லை. ஒப்புக்கொண்டேன். ஜெராக்ஸ் வெளிச்சமும் சூடும் தாளைக் கெடுக்கும், விசாரணை நாளில் அசலை நானே கொண்டுவந்து நீதிபதி முன்னால் வைக்கிறேன் என்றேன். வக்கீல் கை கூப்பினாள். நாகம்மா வெளியே போகும்போது செருப்பைப் போட்டுக்கொண்டே, "பத்ரம் சார், எங்க உசிரு அது" என்றார். என் தாளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளும்படி எனக்குச் சொன்னார்.

விசாரணைக்கு இரண்டு நாள் முன்பு, வாழ்க்கையில் முதல் தடவையாக, களத்துக்குப் போனேன். ஷேர் ஆட்டோவில் போய் இறங்கி, ஊர்ப் பக்கமாக நடந்து, வாய்க்காலின் மேற்குக் கரையில் நின்றேன். வாய்க்கால் என்றால் சாக்கடைதான் இப்போது. அதன் மேல் ஒரு சிமெண்ட் பலகை போட்டிருந்தார்கள், கடந்து போக. நான் கடக்கவில்லை. இங்கிருந்தே எல்லாம் தெரிந்தது, கிணற்றைத் தவிர.

துலுக்காணம் எதிர்க் கரையில் ஆட்டோவைக் கழுவிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்துவிட்டான். "சார், வா சார், டீ சாப்டு போ" என்று கூப்பிட்டான்.

"பரவாயில்லை. கிணறு எங்கே இருக்கிறது?" என்று கேட்டேன்.

"தோ, சோத்தாங்கை பக்கம் கீது பாரு சார்."

நான் வலது பக்கம் திரும்பிப் பார்த்தேன். என் வலது பக்கம். தெற்கே. அங்கே ஒரு குப்பை மேடும் நாலு பன்றியும்தான் இருந்தன.

அவர்கள் சிரித்தார்கள். துலுக்காணம், துணி காயப்போட்டுக்கொண்டிருந்த இரண்டு பெண்கள், கதவுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்த நாகம்மா. கெட்ட சிரிப்பு இல்லை, வீட்டு மனிதர் தடுக்கி விழுந்தால் சிரிப்போமே, அந்த மாதிரி. "நான் சொன்னேன்ல சார், மாறிப் பூடும்னு" என்றார் நாகம்மா. பிறகு அவரே வடக்குக் கோடி வரைக்கும் நடந்து போய், வீட்டுச் சுவருக்குப் பின்னால் மறைந்து, ஒரு குடம் தண்ணீரோடு திரும்பி வந்து காட்டினார். கிணறு அவர் சொன்ன இடத்தில்தான் இருந்தது. நான் தலையசைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஆட்டோவில் வரும்போது நிதானமாக யோசித்தேன். உணர்ச்சிவசப்பட்டுச் செய்ததாக ஏட்டு எழுத வேண்டாம். வரைந்தவன் தெருவுக்குள் போகவில்லை. அப்படியென்றால் அந்த ஏழு கட்டமும் அளந்து போட்டவை இல்லை. கரையில் நின்று கேட்டுப் போட்டவை. ஏழு வீடு என்று எவனோ கத்தியிருப்பான், இவன் ஏழு கட்டம் போட்டிருப்பான். அளவையில் கேள்விப்பட்டதற்கு இடமில்லை. அதைச் சொன்னது அந்த அம்மாள்தான், நானில்லை. அவர் வாதத்தை நான் கடைசி வரைக்கும் கொண்டுபோனேன், அவ்வளவுதான்.

மறுநாள் காலை பத்து மணிக்கு, வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில், மேஜையில் உட்கார்ந்தேன். கல்லச்சில் மசி தாளுக்குள் இறங்காது, மேலே உட்கார்ந்திருக்கும். பிளேடை உறையோடு நீளவாக்கில் ஒடித்தால் பாதி பிளேடு கிடைக்கும், எங்கள் பிரிவில் அழிப்பதற்கு அதைத்தான் வைத்திருப்போம். கையின் கனம் தாளில் இறங்கக் கூடாது. சாய்த்துப் பிடித்து, ஒரே திசையில், தூசு தட்டுகிற மாதிரி இழுக்க வேண்டும். மசி பொடியாக வந்துவிடும். வாயால் ஊதக் கூடாது, மூச்சில் ஈரம் இருக்கிறது. மென்மயிர் தூரிகையால் ஒதுக்க வேண்டும். எழும்புகிற நாரைப் பட்டர் பேப்பர் வைத்து, ஸ்பூன் முதுகால் அழுத்தி உட்கார வைத்தேன். வெளுத்துத் தெரிந்த இடத்துக்கு ஆறிய டீத்தண்ணீர், பஞ்சு நுனியால், மூன்று தடவை. ஏழுக்கும் சேர்த்து முக்கால் மணி நேரம். ஓய்வு பெற்று இத்தனை வருடம் கழித்து இப்படி ஒரு வேலை செய்ய முடிந்ததில், உண்மையாகவே மகிழ்ச்சியாக இருந்தது.

அடுத்த நாள் கோர்ட்டில் வைத்தேன். நீதிபதி பார்த்தார், எதிர்த் தரப்பு வக்கீல் பார்த்தார், ஜெபா பார்த்தாள். வாய்க்காலுக்குக் கிழக்கே வெறும் தாள். ஜெபா என்னைத் திரும்பிப் பார்த்தாள். வெளியே வராந்தாவில் வந்து பிடித்தாள்.

"சார், அன்னிக்கு நாங்க மூணு பேரும் பார்த்தோம். ஏழு கட்டம். நீங்களே காட்டினீங்க."

"பழைய தாளில் கறுப்புப் புள்ளி விழுவது உண்டு அம்மா. மறையவும் மறையும்."

"வரிசையாவா சார்?"

நீங்கள் எதைப் பார்க்க விரும்பினீர்களோ அதைப் பார்த்தீர்கள் என்றேன். அவள் தன் கண்ணையே சந்தேகப்பட ஆரம்பித்தது முகத்தில் தெரிந்தது. படித்தவர்களை அப்படிச் செய்வது சுலபம். நாகம்மா மட்டும் தூணோரம் நின்று, "அழிஞ்சிருக்காது சார், வேற தாளு எட்த்தாந்துட்டியா, ஊட்டுல தேடிப் பாரு" என்று இரண்டு தடவை சொன்னார். தேடிப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். தாளை ஆராய வேண்டும் என்று ஜெபா அப்போதே மனு போட்டாள். அறிக்கை வருகிற வரைக்கும் இடிப்பதை நிறுத்தி வைக்க மறுத்துவிட்டார்கள்.

நவம்பர் முதல் வாரத்தில் இடித்தார்கள். நாற்பத்திரண்டு குடும்பத்துக்கும் நகரத்தின் தெற்குக் கோடியில் அடுக்குமாடியில் இடம் கொடுத்தார்கள். அங்கிருந்து அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு மூன்று பஸ். நாகம்மா நாலு நாள் வேலைக்கு வந்திருக்கிறார். ஐந்தாம் நாள் காலை, மழையில், வேலைக்குப் போகிற வழியில், விட்டுப்போன அம்மிக்கல்லை எடுக்க இலுப்பைத்தாங்கலுக்குப் போயிருக்கிறார். பாதி இடித்து விட்டிருந்த அவர் வீட்டுச் சுவர் ஊறிப்போய் நின்றிருக்கிறது. அவர் மேல் விழுந்துவிட்டது. அதற்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். அந்தச் சுவர் எந்த வரைபடத்திலும் இல்லை.

நான் வந்திருக்க மாட்டேன். என்னைச் சந்தேகப்பட ஒருவருக்கும் தோன்றவில்லை. முந்தாநாள் துலுக்காணம் வீட்டுக்கு வந்தான். பதினாறாம் நாள் காரியப் பத்திரிகை வைத்தான். உட்காரச் சொன்னேன், நின்றுகொண்டே பேசினான். அக்கா செத்த பிறகு நிபுணர் அறிக்கை வந்துவிட்டதாம், வக்கீலம்மா படித்துக் காட்டினாளாம். பழமையாலும் பூச்சி அரிப்பாலும் ஏற்பட்ட தேய்மானம் என்று எழுதியிருக்கிறார்களாம்.

"பூச்சி துன்னுட்ச்சாம் சார். இன்னா பண்றது, எங்க நேரம் அப்டி. நீ மன்சு கஷ்டப்பட்டுக்காத. நீ குட்த்த, அதுவே பெருசு. அக்காவும் சாவற வரிக்கும் உன்ன ஒரு வார்த்த தப்பா சொல்லல."

என் தோளைத் தட்டிக் கொடுத்தான். எனக்கு ஆறுதல் சொன்னான், இன்ஸ்பெக்டர்.

பூச்சி. என் அறையில். பெற்ற பெண்ணின் அறையைக் கொடுத்து, கட்டினவளை அனுப்பிவிட்டு, இருபத்திரண்டு டிகிரியில் வைத்திருக்கிற இடத்தில் பூச்சி விட்டுவிட்டேன் என்று அரசாங்க முத்திரையோடு ஒரு காகிதம் இருக்கிறது. அந்த நிபுணர் தாளைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருந்தால் பிளேடு போன திசை தெரிந்திருக்கும். பூச்சி பசையைத் தேடித் தின்னும், மசியைத் தின்னாது. அப்படியே தின்றாலும் ஏழு கட்டத்தை மட்டும் பார்த்துத் தின்னுமா? சம்பளம் வாங்குகிறவர் இதைக்கூட யோசிக்கவில்லை. இரண்டு நாள் எனக்குத் தூக்கமில்லை. எழுதிக்கொள்ளுங்கள்: பூச்சி இல்லை. நான். பாதி பிளேடால், ஏழையும், ஒவ்வொன்றாக.

ஏட்டு வாசித்துக் காட்டியது சரியாக இருக்கிறது. "கூரிய ஆயுதம்" என்பதை அடித்துவிட்டுப் பிளேடு என்று போடச் சொல்லுங்கள். கையெழுத்துப் போடுகிறேன். இது என்ன, நாகம்மா மேல் சுவர் விழுந்த இடத்தின் மாதிரி வரைபடமா? ஏட்டு வரைந்ததா? ஸ்கேல்கூட வைக்காமல் கையால் இழுத்திருக்கிறார். வாய்க்கால் பாம்பு மாதிரி நெளிகிறது. சுவர் என்று எழுதி ஒரு பெட்டி, பக்கத்தில் கிணறு என்று எழுதி ஒரு வட்டம். தெருவுக்குள் போய்ப் பார்த்து வரைந்தாராம். போயிருப்பார், தெரிகிறது.

கொடுங்கள், கோடுகளைக் கொஞ்சம் சரி பண்ணித் தருகிறேன். கிணற்றை மட்டும் தெற்கே மாற்றிவிடுங்கள். அச்சில் அங்கேதான் இருக்கிறது.